குருவி தட்டிய வழி

அந்தக் காலத்தில் மலைகளுக்குக் கோபம் வரும், குருவிகளுக்குப் பேச்சு வரும். வாலாட்டிக் குருவிக்கு மட்டும் வாலாட்டத் தெரியாது. அந்தப் பெயரும் அப்போது அதற்குக் கிடையாது. உடம்பெல்லாம் பாலாக வெளுத்திருந்ததால் வெள்ளச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அந்த வெளுப்பில் வெள்ளச்சிக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மண்ணில் கால் வைத்தால் அழுக்காகிவிடுமாம். தண்ணீர் குடிக்கக்கூட ஓடை நடுவில் அலசிவிட்ட கல்லாகப் பார்த்துத்தான் இறங்குவாள்.

அவள் குடியிருந்தது புகைமலையில். மலைக்குக் கிழக்கே நாவலடி, மேற்கே ஈச்சங்காடு. மலையின் இடுப்பை ஒட்டி நடந்தால் ஒரே பகலில் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குப் போய்விடலாம். வழியில் இடிந்த கோட்டைச் சுவர் ஒன்று வரும், பிறகு ஒரு படிக்கிணறு வரும், கடைசியில் ஈச்சங்காட்டு எல்லையில் ஏழு நடுகற்கள் வரிசையாக நிற்கும். கோட்டையை யார் கட்டினார்கள், கற்கள் யாருக்காக நட்டவை என்று அப்போதே யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டாலும் போகிறவர்கள் வருகிறவர்கள் ஒரு பூவைக் கிள்ளி வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

நாவலடியில் செம்பாயி என்று ஒரு மருத்துவச்சி இருந்தாள். தவழ்கிற பிள்ளையிலிருந்து மரம் ஏறுகிற பிள்ளை வரை அந்த ஊரில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள்தான். வாய் கொஞ்சம் காரம். ஆனால் வலியெடுத்த பெண்களுக்கு அவள் திட்டு காதில் விழுந்தாலே பாதி பயம் போய்விடும். அவளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அவளுடைய அம்மா ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டுக் கண்ணை மூடினாள். பக்கத்து ஊர் மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் குழந்தைதான் வடிவு. ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துச் சப்பக் கொடுத்துத் தங்கையை வளர்த்தவள் செம்பாயி. இனி என் கண்ணெதிரே ஒருத்தியும் கை ஆளில்லாமல் பிள்ளை பெறக்கூடாது என்றுதான் அந்த வேலையையே அவள் கற்றுக்கொண்டாள்.

வடிவை ஈச்சங்காட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இப்போது அவளுக்குத் தலைப்பிரசவம். பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால்தான் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்புவார்கள், அது இரண்டு ஊருக்கும் பொதுவான வழக்கம். செம்பாயியும் நல்ல நாள் பார்த்து, பொரி உருண்டை பிடித்து, புது வளையல் வாங்கி எல்லாம் தயாராக வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து மலைக்குக் கோபம் வந்துவிட்டது.

யார் என்ன சொன்னார்களோ தெரியாது. ஈச்சங்காட்டார்தான் காரணம் என்று நாவலடியில் சொன்னார்கள். ஈச்சங்காட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இருபது நாள் மலை தீக்குழம்பைக் கக்கியது. சாம்பல் மழையில் பகலும் இருட்டாகக் கிடந்தது. இருபத்தோராம் நாள் அடங்கியபோது வழி இருந்த இடத்தில் வழியில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் கருங்கடலை உறைய வைத்ததுபோலக் கறுத்த பாறை.

"மேலதான் ஆறியிருக்கு. உள்ள ஆறல. கால வச்சா வெந்துதான் போவ" என்றார்கள் ஊரார்.

மலையைச் சுற்றிக்கொண்டு போவதென்றால் ஒன்பது நாள். வடிவுக்கு மிஞ்சினால் இரண்டு நாள்தான் பொறுக்கும். செம்பாயி கணக்குப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. விளக்கெண்ணெய், சுக்கு, பழந்துணி, ஒரு சின்னக் கத்தி, இவற்றோடு அந்த வளையலையும் முடிந்துகொண்டு விடியும்போதே கிளம்பிவிட்டாள்.

கோட்டைச் சுவர் பாதி புதைந்து பாதி வெளியே தெரிந்தது. அதன் உச்சியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள் வெள்ளச்சி.

"வெள்ளச்சி, ஈச்சங்காட்டுக்கு வழி தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்ன தாயி. நெதம் போய் வர்ற ஊருதானே. என் பின்னாடியே வா."

வெள்ளச்சி பறந்தாள். செம்பாயி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். திரும்பி வரும்போது தங்கையை அழைத்துக்கொண்டு வரவேண்டுமே, வழி மறந்துவிட்டால் என்ன செய்வது என்று நூறு அடிக்கு ஒருமுறை மூன்று கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாள். நான்காவது அடுக்கை வைத்துவிட்டு நிமிர்ந்து எட்டு வைத்தபோது காலடியில் பாறைப் பொருக்கு அப்பளம்போல நொறுங்கியது. வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. அடியிலிருந்து ஆவி சீறியது.

எப்படியோ புரண்டு வெளியே வந்தாள். கால் வெந்து சிவந்திருந்தது. எண்ணெயை எடுத்துத் தடவிக்கொண்டே மேலே பார்த்தாள்.

"ஏன்டி, இதுதான் வழியா?"

"நேரா போனா இதுதானே தாயி வழி" என்றாள் வெள்ளச்சி. அடியில் பாறை வெறும் ஓடாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் ஒருநாளும் அங்கே கால் வைத்ததில்லை.

"நீ பறக்கற வழியக் காட்டுற. நான் நடக்கறவ." செம்பாயிக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக அழுகை வந்தது. அழுதாள். "எங்கம்மா ஆளில்லாம போய்ட்டா. என் தங்கச்சி அங்க அக்கா வருவா அக்கா வருவான்னு உக்காந்திருப்பா. நான் இங்க வெந்த காலோட கெடக்கேன்."

வெள்ளச்சி மெதுவாகச் சொன்னாள். "என் கூடும் அந்த ஓடைக்கரையிலதான் இருந்துச்சு தாயி. மூணு முட்டை. தீ வந்தப்ப நான் பறந்துட்டேன். முட்டைக்குப் பறக்கத் தெரியாதே."

செம்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

அப்போதுதான் வெள்ளச்சி அதைச் செய்தாள். பிறந்ததிலிருந்து மண்ணில் கால் வைக்காதவள், கரியும் சாம்பலும் அப்பிக் கிடந்த அந்தச் சூட்டுப் பாறையில் இறங்கினாள். சூடு தாங்காமல் ஒரு துள்ளுத் துள்ளினாள். பிறகு தன் நீண்ட வாலைத் தூக்கிப் பாறையில் ஒரு தட்டுத் தட்டினாள். காலிப் பானையைத் தட்டியதுபோல ஓசை வந்தது.

"இங்க வேண்டாம்" என்றாள். இரண்டு அடி தள்ளி ஓடி மறுபடி தட்டினாள். இந்த முறை அம்மிக் கல்லில் விழுந்ததுபோல ஓசை அடங்கிப்போனது. "இங்க வை தாயி கால."

முதலில் வந்த வழியே பின்வாங்க வேண்டியிருந்தது. போகும்போது செம்பாயி தான் அடுக்கி வைத்த நான்கு அடுக்குகளையும் நொண்டிக்கொண்டே கலைத்துப்போட்டாள்.

"நேரமாவுதே தாயி" என்றாள் வெள்ளச்சி.

"இத நம்பி நாளைக்கு இன்னொருத்தி வருவா. அவளையும் குழியில தள்ளவா?"

பிறகு புது வழி பிறந்தது. அது நேராகப் போகவில்லை. இடதுபக்கம் வளையும், வலதுபக்கம் நெளியும், சில இடங்களில் வந்த பக்கமே திரும்பும். வெள்ளச்சி நாலடி ஓடுவாள், நிற்பாள், வாலால் தட்டுவாள், செம்பாயி வருகிறாளா என்று திரும்பிப் பார்ப்பாள். வந்துவிட்டாள் என்றால் மறுபடி ஓடுவாள். ஒவ்வொரு திருப்பத்திலும், தன் கால் பட்ட இடத்தில் மட்டும், செம்பாயி கல் அடுக்கினாள். உச்சி வெயிலில் படிக்கிணற்றை அடைந்தார்கள். மேல் படிகள் மூடிப்போயிருந்தன. ஆனால் உள்ளே தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. காலை அதில் நனைத்துக்கொண்டு, வெள்ளச்சிக்கும் கையில் ஏந்திக் கொடுத்தாள்.

"உனக்குக் கால் சுடலயா?"

"சுடுது" என்றாள் வெள்ளச்சி. "நட, போலாம்."

பொழுது சாயும் நேரத்தில் ஏழு நடுகற்களும் தெரிந்தன. மூன்றாவது கல்லில் சாய்ந்துகொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வடிவுதான். மலை அடங்கிய செய்தி கேட்டதும், அக்கா எப்படியும் கூப்பிட வருவாள் என்று எல்லைக்கே வந்துவிட்டாள். வந்த இடத்தில் வலி கண்டுவிட்டது. அவளுடைய மாமியார் செய்வதறியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"வந்துட்டியாக்கா" என்றாள் வடிவு. அக்காவின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"வராம? உன்ன வளத்து ஆளாக்குனது இதுக்குத்தானா, மண்ணுல உக்காந்து பிள்ள பெறவா? காலை மடக்கு. மூச்ச விடு." செம்பாயி திட்ட ஆரம்பித்தாள். பிள்ளை காலை முன்னே நீட்டிக்கொண்டு வந்தது. அவள் அம்மாவுக்கு நடந்ததும் இதேதான். ஆனால் இந்த முறை கை இருந்தது. எண்ணெய் தடவிய அந்தக் கை மெல்ல மெல்லப் பிள்ளையை வழிக்குக் கொண்டுவந்தது. நிலவு வருவதற்கு முன்னால் நடுகற்களுக்கு நடுவே ஒரு பெண் குழந்தை வீறிட்டது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

எல்லாம் முடிந்த பிறகுதான் செம்பாயிக்கு வெள்ளச்சியின் நினைவே வந்தது. முதல் கல்லின் மேல் நின்றிருந்தாள் அவள். அடையாளமே தெரியவில்லை. வாலால் தட்டும்போதெல்லாம் கிளம்பிய கரி மேலே விழுந்து விழுந்து, தலையும் முதுகும் இறக்கையும் கறுத்துப்போயிருந்தன. கரி விழாத வயிறு மட்டும்தான் வெள்ளையாக மிஞ்சியிருந்தது. கண்ணில் சாம்பல் விழுந்து சிமிட்டிக்கொண்டே இருந்தாள்.

செம்பாயி முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து, அந்தச் சின்னத் தலையை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, கண்ணுக்கு மேலே இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை துடைத்துவிட்டாள். துடைத்த இடம் மட்டும் வெள்ளைப் புருவமாக வந்தது. உடம்பையும் துடைக்கப் போனாள்.

"போதும் தாயி" என்றாள் வெள்ளச்சி. "மத்தது அப்படியே இருக்கட்டும்."

"வால ஏன்டி இன்னும் ஆட்டிக்கிட்டே இருக்க? இது மண்ணு தரை. ஒண்ணும் உடையாது."

"நிறுத்தத்தான் பாக்கேன். நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரித்தாள் வெள்ளச்சி. பிறகு குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இத நீங்க ஊருக்குக் கொண்டு போறப்ப நான் முன்னால நடக்கறேன். பறக்க மாட்டேன்."

பதினாறாம் நாள் வடிவு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டாள். புது வளையல் கையில் கலகலத்தது. அக்கா அடுக்கிய கற்களைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றின் மேலும் தானும் ஒரு சின்னக் கல்லை வைத்துவிட்டு நடந்தாள். முன்னால் வெள்ளச்சி ஓடினாள், நின்றாள், தட்டினாள், திரும்பிப் பார்த்தாள்.

புகைமலை தூங்கிப்போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கறுத்த பாறை இடுக்கில் புல் முளைத்துவிட்டது. இப்போது முதுகில் பையும் கையில் கோலுமாகத் தூர ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் அந்த மலையைச் சுற்றி நடக்க வருகிறார்கள். கோட்டையைப் பார்க்கிறார்கள், கிணற்றடியில் இளைப்பாறுகிறார்கள், நடுகல்லுக்குப் பூ வைக்கிறார்கள். வழி ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்று சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொண்டாலும் திருப்பத்தில் இருக்கும் கல் அடுக்கின்மேல் ஒரு கல்லை வைக்க மறப்பதில்லை. அப்போது அவர்களுக்கு நாலடி முன்னால் வெள்ளைப் புருவக் கறுப்புக் குருவி ஒன்று ஓடும், நிற்கும், வாலால் தரையைத் தட்டும், பின்னால் வருகிறவர் பத்திரமாக வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கும்.

அன்று முதல்தான் வாலாட்டிக் குருவி, நடக்கிறவர்களைக் கண்டால் தான் பறக்க மறந்து, அவர்களுக்கு முன்னால் நடக்கிறது.