முப்பிடாதிக்குப் படித்துக் காட்டிய தாள்

“பத்தொன்பது பிரசவத்துக்குக் கையெழுத்துப் போட்டீங்க மேடம். இருபதாவதுல மட்டும் ஏன் பேனாவ மூடி வச்சிட்டீங்க?”

பியூலா இதைக் கேட்பது மூன்றாவது முறை.

முந்தைய இரு முறையும் ஆசிரியை ரஹ்மத் நிஷா, நாளைக்குப் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார். இனி நாளை கிடையாது. மாலை ஐந்து மணிக்குள் இருபது பிரசவமும் கையெழுத்தான பதிவேட்டை ஒப்படைக்காவிட்டால் தேர்வு எழுத முடியாது. இரண்டு ஆண்டுப் படிப்பும் வீணாகிவிடும்.

இக்கதையைச் சொல்வோரில் சிலர் ஆசிரியையை நரைத்த தலையாக்கிவிடுவர். அது பிழை. ஆசிரியைக்கு முப்பத்தாறு வயது. மாணவி பியூலாவுக்கு நாற்பத்து நான்கு. பிரசவ வார்டில் பதினேழு ஆண்டு செவிலியாக நின்றுவிட்டு முதுநிலைப் படிப்புக்கு வந்தவள் அவள்.

அந்தப் படிப்பை முடித்தவள், மருத்துவரின் வாயைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. பெண்களைத் தானே பரிசோதிக்கலாம், தானே முடிவெடுக்கலாம். நேற்று வந்த பயிற்சி மருத்துவர்கள்கூடத் தன் சொல்லைக் காதில் வாங்காமல் போனதைப் பதினேழு ஆண்டு பொறுத்தவள் பியூலா. அவளுக்கு அந்தப் பட்டம் வேண்டியிருந்தது.

 நிஷா மேசைமேல் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார்.

முதல் தாள் இருபதாவது பிரசவமான முப்பிடாதியுடையது. நான்கு நாளைக்கு முன் இறந்த குழந்தையைப் பெற்றவள். தலைப்பிரசவம். வலி கண்டவளின் வயிற்றில் காதுவைத்து, குழந்தையின் இதயத்துடிப்பை அரை மணிக்கு ஒருமுறை எண்ணிப் புள்ளியாகக் குறிக்கும் தாள் அது. இரண்டு மணி முதல் நாலரை வரை ஆறு புள்ளிகள். ஆறையும் இணைத்த கோடு அத்தனை அழகு. உங்க கிராஃபுக்குக் கண்ணாடி போட்டு மாட்டலாம் அக்கா என்று உடன்படிக்கும் பெண்கள் பியூலாவைக் கேலி செய்வதுண்டு.

இரண்டாம் தாள் வேறொருத்தியுடையது. அன்று பிற்பகல் அவளுக்கு வலிப்பு வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்த்துக் கையெழுத்திட்டிருந்தது. இரண்டே கால் முதல் நாலே முக்கால் வரை, எல்லாம் பியூலாவின் கையெழுத்து.

பியூலா இரண்டையும் பார்த்தாள். 

அன்று ஆறு பேர் வலியில் கிடந்ததையும், இரண்டே செவிலியர் இருந்ததையும், வலிப்பு வந்தவளை விட்டு நகர்ந்திருந்தால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போயிருப்பார்கள் என்பதையும் சொன்னாள். சொன்னது அத்தனையும் உண்மை.

“அதை நான் கேக்கல அக்கா.”

பிரசவம் முடிந்தபின் உட்கார்ந்து புள்ளி வைப்பது அந்த வார்டின் பழக்கம். மேற்பார்வைக்கு வருகிறவர்கள் வெறுங்கட்டத்தைக் கண்டால் திட்டுவார்கள். நிரம்பிய கட்டத்தை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

“எல்லாருந்தான் போடுறோம், மேடம்.”

“நானும் போட்டிருக்கேன்.”

 பிறகு நிஷா முதல் தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“அந்தப் பிள்ள இன்னும் வார்டுலதான் இருக்கு. இதக் கொண்டுபோய்ப் படிச்சுக் காட்டுங்க. படிச்சுட்டு வாங்க, போட்டுத் தாரேன்.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

படியேறும்போது பியூலா அழுதாள் என்று கூட்டிச் சொல்வோரும் உண்டு. அழவில்லை. மணி மூன்றரை, ஐந்துக்குள் முடித்துவிடலாம் என்றே எண்ணிக்கொண்டு போனாள்.

முப்பிடாதியைப் பிள்ளை பெற்றவர்களின் வார்டிலேயே போட்டிருந்தார்கள். வேறு இடமில்லை. இருபுறமும் குழந்தைகள் அழுதன. பால் கட்டாமலிருக்க அவள் மார்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டிலின் காலடியில் மாமியார் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைய விவரத்தைச் சொல்ல வந்திருப்பதாகப் பியூலா கூறினாள். மாமியார் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

பியூலா தாளைப் பிரித்தாள்.

“ரெண்டு மணிக்கு நூத்தி நாப்பது. ரெண்டரைக்கு நூத்தி நாப்பத்திரெண்டு. மூணுக்கு நூத்தி முப்பத்தெட்டு.”

குரல் நடுங்கவில்லை. வார்டில் ஆயிரம் முறை படித்த எண்கள்.

“மூணரைக்கு நூத்தி நாப்பது. நாலுக்கு நூத்தி நாப்பது. நாலரைக்கு நூத்தி முப்பத்தாறு.”

அதெல்லாம் என்ன கணக்கு என்று மாமியார் கேட்டாள். குழந்தையின் நெஞ்சு நிமிடத்துக்கு எத்தனை முறை துடித்தது என்பது என்றாள் பியூலா. பிள்ளை பிறந்தது எத்தனை மணிக்கு என்று மாமியார் அடுத்துக் கேட்டாள். நாலு ஐம்பதுக்கு.

மாமியார் மருமகளின் பக்கம் திரும்பினாள்.

“கேட்டியாட்டி? நாலரை வரைக்கும் எம் பேரப்பிள்ள நல்லாத்தான் இருந்திருக்கு. சிஸ்டரே எழுதி வச்சிருக்காவ. இருவது நிமிசம் ஒனக்கு முக்க வலிக்கி. தொடைய இறுக்கிக்கிட்டுக் கெடந்து, வாசல் வரைக்கும் வந்த புள்ளைய அமுக்கிக் கொன்னுட்ட.”

ஊருக்குப் போனதும் மகனிடம் இதை அப்படியே சொல்லப்போவதாகவும், வேண்டுமானால் தாளை நகல் எடுத்துத் தரும்படியும் கேட்டாள்.

 முப்பிடாதி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். விரலால் மூன்று மணிக்குரிய புள்ளியைத் தொட்டாள்.

“சிஸ்டர், இந்த நேரந்தான். உள்ள அசைவு நின்னுபோச்சுன்னு எனக்குப் பட்டுது. ஒங்களக் கூப்பிட்டேன், நீங்க அந்தப் பக்கமா நின்னீக. இதுல நூத்தி முப்பத்தெட்டுன்னு இருக்கு. அப்ப அது எம் மனப்பிராந்திதானா?”

பக்கத்துக் கட்டிலில் யாரோ குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆமாம் என்று தலையசைத்தால் போதும். கீழே பேனா காத்திருந்தது.

பியூலா தாளை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

“இல்ல தாயி. மூணு மணிக்கு நான் ஒன் பக்கத்துலயே வரல. ரெண்டு மணிக்கு அப்புறம் ஒரு தடவகூட வச்சுக் கேக்கல. பிள்ள பொறந்த பெறகு உக்காந்து எழுதினது இது.”

மாமியார் எழுந்து நின்றாள்.

முப்பிடாதி விரலை எடுக்கவில்லை.

“அப்ப எப்பத்தான் நின்னுச்சு?”

“தெரியாது.”

“யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது, தாயி. கேட்டிருக்க வேண்டியவ நான் ஒருத்திதான்.”