மேயருக்கும் அதே தீர்மானம்

இருட்டினால் எங்கள் தெருப் பொதுக் கழிப்பறையின் தகரக் கதவு யாரோ அழுவதுபோல் கிறீச்சிடும். அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் கதவு என்று பயத்தில் செத்துச் செத்துப் பிழைப்பேன்.

கான்வென்ட் இங்கிலீஷில் மனு எழுதி, மாநகராட்சிக் கூட்டத்துக்குப் போனேன். மாநகராட்சி அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் ஜெபமாலை அக்காவும் கூட வந்தார்.

"சாத்தினா போதாதா? தாழ்ப்பாள் வேறயா?" என்றார் மேயர். மாநகராட்சிக் கழிப்பறைகளுக்குத் தாழ்ப்பாள் தேவையில்லை என்று மேசையைத் தட்டித் தீர்மானமே போட்டுவிட்டார்கள். அக்கா கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

தேநீர் இடைவேளையில் மேயரின் கழிப்பறைக்குள்ளிருந்து ஒரே அலறல். "ஆளிருக்கு, வராதீங்க! தாழ்ப்பாளை எவன்டா கழட்டினது?"

"நான்தாங்கய்யா," என்றார் வாசலில் திருப்புளியோடு நின்ற அக்கா. "இதுவும் மாநகராட்சிக் கழிப்பறைதானே? தீர்மானத்தை நிறைவேத்திட்டேன்."

கவுன்சிலர்கள் சிரித்த சிரிப்பில் கட்டடமே அதிர்ந்தது.

சாயங்காலமே எங்கள் தெருவுக்கு ஆள் வந்தது. அன்றிரவு நான் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டேன்.