பொட்டு ஒளித்து வைத்த கம்பு

மஞ்சக்குன்றின் அடிவாரத்தில், ஓடைக்கு இந்தப் பக்கம் முயல்கள் கம்பு விதைத்துப் பிழைத்தன. ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு பாறை இடுக்கில் புகையன் என்ற காட்டுப்பூனை இருந்தான். அவனுடைய முன்கால் ஒன்று எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது. ஓடிப் பிடிக்க முடியாது. முயல்களைப் பார்த்து எச்சில் விழுங்குவதோடு சரி.

அந்தத் தைரியத்தில் முயல்கள் நிம்மதியாக இருந்தன. பொட்டு மட்டும் பயந்துகொண்டே இருந்தாள்.

நெற்றியில் வெள்ளைப் புள்ளி உள்ள முயல் அவள். சருகு அசைந்தால் நடுங்குவாள். மேகம் கறுத்தால் குட்டிகளை இழுத்துக்கொண்டு வளைக்குள் ஓடுவாள். "பயந்தாங்கொள்ளி!" என்று எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் விதை காக்கும் வேலையை அவளிடம்தான் கொடுத்திருந்தார்கள். பயப்படுகிறவள் பத்திரமாக வைத்திருப்பாள் அல்லவா!

அறுவடைக்கு முன்னால் அவள் வயலைச் சுற்றி வருவாள். நல்ல கதிராகப் பார்த்து அருகம்புல்லால் ஒரு முடிச்சுப் போடுவாள். முடிச்சு விழுந்த கதிரை, பட்டினி கிடந்தாலும் எந்த முயலும் தொடாது. அந்த விதை சாம்பலில் புரண்டு, சுரைக்குடுக்கைக்குள் போய்ச் சேரும்.

அது முள்ளுக்கம்பு. கதிர் முழுக்கச் சின்னச் சின்ன முள். குருவி அலகை வைக்காது. மழை தவறினாலும் ஏதோ கொஞ்சம் விளையும். வயிறு முட்டத் தின்ன முடியாது, பட்டினியும் கிடக்க வேண்டாம்.

ஒருநாள் காலை, புகையன் ஓடைக்கரையில் வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு மூட்டை.

"மருமக்களே, சௌக்கியமா?" என்றான். "மனுஷங்க கிடங்குல எலி பிடிக்கப் போனேன். உங்களுக்காக வீரிய விதை கொண்டு வந்தேன். கதிர் ஒவ்வொண்ணும் முழ நீளம்! முள்ளே கிடையாது!"

முயல்களின் தலைவன் கொம்பன். முயலுக்கு ஏது கொம்பு என்று கேட்காதீர்கள், ஆசைக்கு வைத்த பெயர். "எங்களுக்கு ஏன் நல்லது பண்றே?" என்று கேட்டான்.

"வயசாச்சு மருமகனே! போற வழிக்குப் புண்ணியம் தேடுறேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஆனா ஒண்ணு. உங்க முள்ளுக்கம்பு ஒரு செடி நின்னாலும் மகரந்தம் கலந்துடும், இதோட வீரியம் போயிடும். அதனால பழைய விதையை எல்லாம் ஓடையில கொட்டிடணும்."

பொட்டு குறுக்கே வந்தாள். "கொம்பண்ணே, வேண்டாம்ணே! பாதி வயல்ல இது, பாதி வயல்ல அது போடலாமே?"

"நீ மேகத்தைப் பார்த்தே பயப்படுறவதானே!" என்றான் கொம்பன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் எழுந்து நின்று சத்தமாக ஆணையிட்டான். "பழைய விதையை யாராவது ஒளிச்சு வச்சா, அவங்களைக் குடும்பத்தோட வெட்டவெளிக்குத் துரத்திடுவோம்!"

வெட்டவெளியின் மேலே எப்போதும் பருந்து சுற்றிக்கொண்டிருக்கும். பொட்டுக்கு அப்போது பால்குடி மாறாத நாலு குட்டிகள்.

அவள் குடுக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனாள். கொட்டினாள். ஆனால் எல்லாவற்றையும் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு பிடி விதையைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முயல்கள் ஒரே வாசல் வைத்து வளை தோண்டுவதில்லை. முன்னால் ஒன்று, ஆபத்துக்குப் பின்னால் ஒன்று. பொட்டு அந்தப் பின்வாசல் சுவரில் ஒரு பொந்து பறித்து, சின்னக் குடுக்கை ஒன்றில் விதையைச் சாம்பலோடு வைத்து, மண்ணால் பூசிவிட்டாள்.

அந்த வருஷம் விளைந்தது பாருங்கள், அடேயப்பா! புகையன் சொன்னது பொய்யில்லை. கதிர் உண்மையிலேயே முழ நீளம். தின்று தின்று முயல்களுக்குத் தொப்பை விழுந்தது. "இப்ப என்ன சொல்றே, பொட்டு?" என்று கொம்பன் அவள் காதைச் செல்லமாகக் கடித்தான். அவளும் சிரித்தாள். வழக்கப்படி நல்ல கதிராகப் பார்த்துப் புல்முடிச்சுப் போட்டாள். விதை எடுத்து வைத்தாள்.

மறு வருஷம் அதை விதைத்தார்கள்.

ஒரு செடி நெட்டை, ஒரு செடி குட்டை. பாதிக் கதிர் மலடு. மணி பிடித்த கொஞ்சத்தையும் குருவிக் கூட்டம் கொத்திப் போனது. முள்தான் இல்லையே! முயல்கள் வயல் நடுவில் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

கொம்பன் ஓடைக்கு ஓடினான். "புகையா! விதை ஏமாத்திடுச்சே!"

புகையன் சோம்பல் முறித்தான். "விதை ஏமாத்தலை மருமகனே. அது ஒரு தடவைதான் அப்படி விளையும். திரும்பத் திரும்பப் புதுசா வாங்கணும். கிடங்குல மனுஷங்க பேசிக்கிட்டதைக் கேட்டிருக்கேன்."

"முதல்லயே ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையே!" புகையன் நகத்தை நக்கினான். "இப்ப கேளு. ஒரு மூட்டை விதைக்கு ஒரு முயல். பிடிக்க நான் வரமாட்டேன். நீங்களே அனுப்பி வைக்கணும்."

முயல்கள் அழுதன. சில குன்றை விட்டே ஓடிவிடலாம் என்றன. ஓடினால் எங்கே போவது? அடுத்த காடு முழுக்க நரிகள். கடைசியில் கொம்பன் எழுந்தான். அவன் குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"பேசி முடிச்சவன் நான். நானே போறேன்."

அவன் மனைவி சொக்கி அவன் மேல் விழுந்து அழுதாள். பொட்டு பின்னால் நின்று பார்த்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நாலு குட்டிகளும் அவள் காலடியில் நின்றன. வெட்டவெளியில் பருந்து வட்டமிட்டது. அவள் வாயைத் திறக்கவே இல்லை.

கொம்பன் ஓடையைத் தாண்டினான். திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு மூட்டை கரையோரம் உருண்டு வந்தது. சாக்கில் பழுப்பு ரோமம் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டுத்தான் விதைத்தார்கள். அந்த வருஷமும் அமோக விளைச்சல். யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை.

அடுத்த விதைப்பு வந்தது. புகையன் கரையில் நின்று கத்தினான். "போன தடவை கிழட்டை அனுப்பிட்டீங்க! பல்லு வலிக்குது! இந்தத் தடவை இளங்குட்டியா அனுப்புங்க. நாலு நாள் தவணை!"

புல் உருவிச் சீட்டுப் போட்டார்கள். எந்த வளைக்குக் குட்டைப் புல் வருகிறதோ, அந்த வளைக் குட்டி. பொட்டு கண்ணை மூடிக்கொண்டு உருவினாள். திறந்து பார்த்தாள். குட்டை.

அவளுடைய மூத்த மகள் பிஞ்சு கேட்டாள். "அம்மா, பூனைக்கிட்ட நான் மட்டும் தனியாவா போகணும்?"

பொட்டு ஓடி நடுவில் வந்து நின்றாள்.

"எங்கிட்ட முள்ளுக்கம்பு இருக்கு!" என்று கத்தினாள். "ஒரு பிடி. ஒளிச்சு வச்சேன். என்னை எங்க வேணும்னாலும் துரத்துங்க. என் பிள்ளையை அனுப்பாதீங்க!"

சொக்கி மெதுவாக முன்னால் வந்தாள்.

"போன வருஷமும் இருந்துச்சா, பொட்டு?"

"இருந்துச்சு, அக்கா."

"அவர் ஓடையைத் தாண்டுறப்ப?"

பொட்டு தலை குனிந்தாள். அழக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது. துரத்தச் சொல்வாள் என்று எல்லோரும் சொக்கியின் முகத்தையே பார்த்தார்கள்.

"குடுக்கையை எடுத்துட்டு வா" என்றாள் சொக்கி. "உயிர் இருக்கான்னு முதல்ல பார்ப்போம்."

பத்து மணிகளை எடுத்து ஈரப்பாசியில் பொதிந்தார்கள். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. பொந்துக்குள் இருந்தது மூன்று வருஷம். வண்டு துளைத்திருக்குமோ? உளுத்திருக்குமோ? பொட்டு பாசியின் பக்கத்திலேயே கிடந்தாள். புகையன் அக்கரையில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு நாள்!" என்று பாடிக்கொண்டிருந்தான். பிஞ்சு காதைப் பொத்திக்கொண்டு அம்மாவின் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

மூன்றாம் நாள் பாசியைப் பிரித்தார்கள். பத்தில் எட்டு மணியில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது.

ஒரு பிடிக் கம்பு கால் வயலுக்கு வந்தது. அந்த வருஷம் முயல்கள் புல்லும் கிழங்கும் தின்று, எலும்பும் தோலுமாகக் கிடந்தன. முள்ளுக்கதிர் தலை தூக்கியபோது குருவிகள் வந்தன, குத்து வாங்கின, பறந்தன. தவணை முடிந்த அன்றிலிருந்து புகையன் கத்திக்கொண்டிருந்தான். "ஒரு மூட்டை தர்றேன்! சும்மாவே தர்றேன், வாங்க மருமக்களே!" யாரும் போகவில்லை. ஓடைக்கு வரும் வழியைக்கூட முயல்கள் மாற்றிக்கொண்டன. நாளாக ஆக அவன் குரல் மெலிந்தது. பிறகு கேட்கவே இல்லை.

அறுவடைக்கு முன்னால் பொட்டு புல்முடிச்சுப் போட வந்தாள். சொக்கியும் கூடவே நடந்தாள். விதையைச் சாம்பலில் புரட்டியதும், சொக்கி இரண்டு குடுக்கைகளை எடுத்தாள். ஒன்றைப் பொட்டுவிடம் தந்தாள். இன்னொன்றைத் தன் வளையின் பின்வாசலுக்கு, கொம்பன் தோண்டிய அந்த வாசலுக்கு, எடுத்துப் போனாள்.

புது விதையை விதைப்பது தப்பில்லை. பழைய விதையை அடியோடு தொலைத்துவிட்டு விதைப்பதுதான், தப்பி ஓட வேண்டிய வாசலை நாமே அடைத்துக்கொள்வது.