நாற்பது கிலோ கோழிக்கொண்டை

"எடுப்புக் கலர் எவ்வளவு வைக்கணும் மாஸ்டர்?"

"கொஞ்சம் வைங்க அண்ணாச்சி."

ஆவுடையப்பனுக்கு இந்தக் 'கொஞ்சம்' கடைசிவரை பிடிபடவில்லை. மனுஷர் மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவர். அங்கே எதற்கும் ஒரு எண் உண்டு. கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே எத்தனை அடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். கல்யாண மேடைக்கு மட்டும் கொஞ்சம் என்றால் என்ன அர்த்தம்? நூற்றுக்குப் பத்தா, இருபதா?

பாளையங்கோட்டை வட்டாரத்தில் மேடை அலங்காரம் என்றால் வடிவு மாஸ்டர்தான். அவளுக்கு முப்பத்தாறு வயசு. சிஷ்யர் ஆவுடையப்பனுக்கு அறுபத்தொன்று. ஒரே மகள் சங்கரியின் வரவேற்பு மேடையை என் கையாலேயே அலங்கரிப்பேன் என்று சொந்தக்காரர்கள் முன்னால் சவடால் விட்டுவிட்டு, ஆறு மாசத்துக்கு முன்னால் அவளிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார். மச்சினன்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடை சொதப்பினால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அதுகூடப் பரவாயில்லை, மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் முன் செய்கிற கடைசி வேலை போல அவர் இதை மனசில் வைத்திருந்தார்.

வரவேற்பு அன்றைக்குப் பகல் பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. வடிவு வந்து பார்த்தாள்.

சம்பங்கியும் வெள்ளைச் செவ்வந்தியும் சுவர் முழுக்கச் சரம் சரமாகத் தொங்கின. அதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. அதன் மேல்தான் எடுப்புக்குக் கோழிக்கொண்டைப் பூ. நல்ல அரக்குச் சிவப்பு, மகளின் பட்டுச் சேலைக்குப் பொருத்தம் பார்த்து வாங்கியது. மொத்தம் நாற்பது கிலோ. தூணில் சுற்றியிருந்தார், வளைவில் அடைத்திருந்தார். படிக்கட்டு, சேர் முதுகு, மைக் ஸ்டாண்டு ஒன்றையும் விடவில்லை. ஓரமாக நின்ற பெடஸ்டல் ஃபேனுக்கும் ஒரு மாலை. இதெல்லாம் போதாதென்று அதே அரக்கில் ஒரு சட்டையும் தைத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

"எப்படி மாஸ்டர்?"

வடிவு பொண்ணு உட்காரும் சேரைக் காட்டினாள்.

"அதுல உக்காருங்க அண்ணாச்சி."

"நானா?"

"நீங்கதான். யாரு என்ன சொன்னாலும் வாயத் திறக்கக் கூடாது."

உட்கார்ந்தார். வடிவு கீழே முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சமையல்காரர் இசக்கி உள்ளே வந்தார். மேடையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"பூ ஆளை அள்ளுதே."

"வேற என்ன தெரியுது?" என்றாள் வடிவு.

"வேற என்ன? பூதான்."

ஆவுடையப்பனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடுத்து போட்டோக்காரர் வந்தார். வெளிச்சம் பார்க்க இரண்டு படம் எடுத்தார். "பூ சும்மா தகதகன்னு இருக்கு. பொண்ணு மாப்பிள்ளை வந்து நின்னாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவதாக, மாப்பிள்ளை வீட்டு அறையிலிருந்து சம்பந்தியம்மாள் இறங்கி வந்தார்.

"ஆத்தாடி, என்ன செவப்பு. ஆமா, எங்க சம்பந்தி எங்க? காலையிலருந்து ஆளே கண்ணுல படலியே. ஒரு காப்பி கேக்கணும்னாக்கூட மனுஷரக் காணோம்."

பதினைந்து அடி தூரத்தில், நேர் எதிரே, ஆவுடையப்பன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். சம்பந்தியம்மாள் இடது பக்கத்துத் தூணை ஒரு தடவை ரசித்துப் பார்த்துவிட்டு, காபியைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

கும்பிட்ட கை மெல்லக் கீழே இறங்கியது.

"மாஸ்டர், நான் இங்கனதான இருக்கேன்?"

"நட்டநடுவுல இருக்கிய."

"பெறகு ஏன் ஒருத்தருக்கும் தெரியல?"

ஆவுடையப்பன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். நிமிர்ந்து தூணைப் பார்த்தார்.

"சங்கரியும் இதே கலர்தான் கட்டப்போகுது" என்றார்.

ஐந்நூறு பேர் வருவார்கள். பூவைப் பார்ப்பார்கள், சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். எம் புள்ள முகத்த ஒருத்தரும் பாக்க மாட்டாங்களே என்று நினைத்ததும் சேரைவிட்டு எழுந்துவிட்டார்.

"எவ்வளவு எடுக்கணும் மாஸ்டர்?"

"யாராவது உங்கள ஏசுத வரைக்கும்."

ஏணியைப் போட்டு ஏறினார். வளைவில் இருந்ததைப் பிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சேர் அடுக்குகிறவர் பார்த்துவிட்டு, பூ நல்லா இருக்கு என்றார். தூணில் சுற்றியதைப் பிரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். கோலம் போட வந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, "மேல யாரோ இருக்காவ போலயே" என்றாள். மற்றவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இருக்கும்" என்றாள்.

சேர் முதுகில் இருந்ததைப் பிய்க்கும்போது தன் தலைமுடியைப் பிடுங்குவது போலத்தான் இருந்தது. ஆனாலும் பிய்த்தார். ஃபேன் மாலையை மட்டும் வடிவே எழுந்து வந்து கழற்றினாள்.

மூன்று மணிக்கு, சேரின் காலடியில் இந்தப் பக்கம் ஒரு கைப்பிடி, அந்தப் பக்கம் ஒரு கைப்பிடி கோழிக்கொண்டைதான் மிச்சம். ஆவுடையப்பன் களைத்துப்போய் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாள் மறுபடியும் வந்தார். வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

"யாரது, பொண்ணு சேருல?"

விறுவிறுவென்று மேடைக்குக் கிட்டே வந்தார்.

"சம்பந்தியா? நல்ல கூத்தா இருக்கே. நீங்க ஏன் அங்க போய் உக்காந்திருக்கிய? அது எம் மருமக உக்காருத எடம். மொதல்ல எறங்குங்க."

ஆவுடையப்பன் அடித்துப் பிடித்து இறங்கினார். ஏச்சு வாங்கி இத்தனை சந்தோஷப்பட்ட மனுஷரை அந்த மண்டபம் கண்டிருக்காது. பல்லெல்லாம் தெரிய வடிவிடம் வந்து நின்று, திரும்பி மேடையைப் பார்த்தார். சிரிப்பு குறைந்தது.

"ஏசிட்டாவ மாஸ்டர். அது சரி. ஆனா நான் எறங்கினதும் மேடை வெறிச்சுன்னு போச்சே. எடுப்பா ஒண்ணு வேண்டாமா?"

"வேணும்."

"அது எங்க?"

வடிவு மணியைப் பார்த்தாள்.

"வீட்ல தலை பின்னிக்கிட்டு இருக்கும். போய்க் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி."