மூன்றாம் கூப்பாடு

அரசாங்கம் ஒரே கையெழுத்தில் நாற்பதாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பிய வருடம் அது.

அந்த நாற்பதாயிரத்தில் ஒருவர் வெள்ளியங்கிரி. தாலுகா ஆபீஸில் டவாலி. தோளில் சிவப்புப் பட்டை, பட்டையில் பித்தளை வில்லை. வாசலில் நின்று மனுக்காரர்களின் பெயரைக் கூப்பிடுவார். முப்பத்தொரு வருடம் கூப்பிட்டார்.

வேலை போன மறுமாதம், ஊருக்கு வெளியே குன்றடியில் ஆசிரமம் வைத்திருந்த பூவாத்தாளிடம் வந்து சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு நாற்பத்தெட்டு வயது, சீடருக்கு ஐம்பத்தைந்து. அதனால் குரு சீடரை அண்ணா என்றார். சீடர் குருவை ஆத்தா என்றார். இதில் இருவருக்கும் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

அவர் வந்த பிறகு குன்றடியில் சிரிப்புச் சத்தம் கூடியது. ஊரில் பாதிப் பேரை அவர் தொண்டையில் வைத்திருந்தார். கடலை உரிக்க உட்கார்ந்தால் போதும், மற்ற சீடர்கள் ஆரம்பித்துவிடுவார்கள்.

"அண்ணா, அந்த நாளைச் சொல்லுங்க."

"எந்த நாளுங்க?"

"உங்க வேலை போச்சுன்னு ஊரே பட்டாசு வெடிச்ச நாளு."

வெள்ளியங்கிரி கையிலிருந்த கடலையைக் கீழே வைப்பார். முதலில் அவர் குரலில் டீக்கடைக்காரர் வருவார்.

"நல்ல காரியம் பண்ணுனாங்க. உள்ள போனா ஒருத்தனாச்சும் நிமிந்து பாப்பானா? ஃபேனுக்குக் கீழ ஃபேனு மாதிரியே சுத்திக்கிட்டு இருந்தானுக. அது செரி, பதனோரு மணிக்கு நாப்பது டீ உள்ள போகும். இனி அத யாரு குடிக்கறது?"

அடுத்து பஸ் கண்டக்டர்.

"வேலை இருக்கறவங்க உள்ள போங்க. வேலை இல்லாதவங்க படியில நிக்காதீங்க. ரைட்டே."

அப்புறம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இவருக்கு மூக்கை லேசாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"கடமையைச் செய்யாதவர்கள் களையப்பட வேண்டியவர்களே. இதை நான் அன்றே சொன்னேன். ஏனப்பா, பென்ஷனில் கை வைக்கமாட்டார்கள் அல்லவா?"

பிறகு கரண்டியை வாயருகே பிடித்துக்கொண்டு டிவிக்காரப் பெண்.

"தாலுகா அலுவலகம் முன்பு பொதுமக்கள் பட்டாசு வெடித்தும் ஜிலேபி வழங்கியும் தங்கள் மகிழ்ச்சியை வெளிப்படுத்தினர். ஐயா, நீங்க எப்படி ஃபீல் பண்றீங்க?"

"அந்த ஐயா யாரு?" என்று சீடர்கள் கேட்பார்கள். தெரிந்தேதான் கேட்பார்கள்.

"நாந்தானுங்க. தோள்ல பட்டை இல்லீங்களா, பொதுஜனம்னு நெனச்சுக்கிச்சு அந்தப் புள்ள."

கடைசியில் வீட்டிலிருக்கும் மச்சினன். "மச்சான், இத்தன வருசம் நான் ஒருத்தன்தான் சும்மா இருக்கறேன்னு அக்கா கரிச்சுக் கொட்டும். இனி எனக்குத் தொணை இருக்குது."

ஒரு நாள் பூவாத்தாளும் உட்கார்ந்து கேட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எல்லாரும் வந்துட்டாங்களாண்ணா?"

"ஒருத்தன் பாக்கிங்க ஆத்தா. அவன் குரல் மட்டும் எனக்கு வரமாட்டேங்குது."

"ஏனுங்ணா?"

"அவன் பேசல."

அன்று பட்டாசு வெடித்து முடிந்ததும் வெள்ளியங்கிரி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்கே போவது என்று தெரியவில்லை. ஆபீஸ் கேட்டருகே ஒரு புளியமரம். அதனடியில் நின்றார். கூட்டத்திலிருந்து ஒரு ஆள் வந்தான். தோளில் கயிற்றுச் சுருள். ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்து விரித்து, ஒரு ஜிலேபியை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

"மத்தவன் சொன்னதெல்லாம் காத்துல போச்சுங்க ஆத்தா. அந்த ஜிலேபி இன்னும் கையிலயே ஒட்டிக்கிட்டு இருக்குது."

"யாரு அந்தாளு?"

"தெரியாதுங்க."

"ஊர்ல எல்லாத்துக்கும் பேரு கூப்பிட்ட மனுசனுக்குத் தெரியாதா?"

"கூப்பிட்டு உள்ள வந்தவங்க மூஞ்சிதாங்க எனக்குத் தெரியும்."

அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். போன வாரம் வந்த புது உத்தரவு. ஊரில் பத்துப் பேர், 'இவர் எங்களுக்கு வேண்டும்' என்று கையெழுத்துப் போட்டால், அந்த ஊழியருக்கு வேலை திரும்பக் கிடைக்கும். இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். தாளில் பத்துக் கோடுகள் இருந்தன. பத்தும் காலி.

"ஜிலேபி தின்ன வாயிககிட்டப் போயி எனக்குக் கையெழுத்துப் போடுங்கன்னு எப்பிடிங்க கேக்கறது?"

பூவாத்தாள் அந்தக் கோடுகளைப் பார்த்தாள். "வேலை அவ்வளவு புடிக்குங்களா?" என்றாள்.

வெள்ளியங்கிரி தாளைத் திரும்ப மடித்தார். பேசியபோது யார் குரலும் இல்லை, அவர் குரல்தான்.

"திங்கக்கிழமை மனுநாளுங்க. காத்தால வில்லைய புளி போட்டுத் தேச்சனுங்கன்னா மூஞ்சி தெரியும். ரெக்கார்டு ரூம்ல ஒரு வாசம் வரும், பசையும் பழைய காயிதமும். டைப் அடிக்கற சத்தம் ஒரு பக்கம். வெளிய மரத்தடியில எரநூறு பேரு. கொழந்தைக அழுவும், பெரியவங்க சண்ட போடுவாங்க. நான் படியில வந்து நின்னு மூச்ச இழுத்தா எல்லாம் கப்புனு அடங்கீரும். என்ற வாயத்தான் பாப்பாங்க. பேரு மரத்தத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகுமுங்க. நான் இந்த ஊருக்கு ஒரு ஆளா இருந்ததே அந்த ஒரு மூச்சுலதானுங்க ஆத்தா."

"எத்தன தடவை கூப்பிடோணும்?"

"மூணுங்க. மூணுக்கும் வரலீன்னா, ஆஜராகலன்னு எழுதி மனுவத் தள்ளுபடி பண்ணிக் கட்டக் கட்டிருவாங்க."

"நாளைக்குக் காத்தால என்னையக் கூப்பிடுங்க, பாக்கலாம்" என்று பூவாத்தாள் எழுந்து போனாள்.

மறுநாள் அவள் கிணற்றடிக்கு அப்பால் ஒரு வேப்பமரத்தின் கீழ் போய் உட்கார்ந்தாள். வெள்ளியங்கிரி வாசலில் நின்று மூச்சை இழுத்தார்.

"பூவாத்தாள்..."

குரல் குன்றில் மோதித் திரும்பியது. சீடர்கள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். படியிறங்கி இரண்டாம் முறை கூப்பிட்டார். பிறகு திரும்பி உள்ளே வந்துவிட்டார்.

சோறு ஆகியது. வெயில் ஏறியது. பூவாத்தாள் வரவில்லை. நிழல் நகர்ந்து அவள் தலைமேல் வெயில் விழுந்ததும் வெள்ளியங்கிரிக்குப் பொறுக்கவில்லை. ஓடினார்.

"ஏனுங்க ஆத்தா, வரலீங்களா?"

"கூப்பிடலீங்களேண்ணா."

"மூணு தடவை கூப்பிட்டனுங்க."

"ரெண்டு கேட்டுச்சு. ரெண்டாவதுக்கு எந்திரிச்சேன். காலு மரத்துப் போயிருந்துச்சு. இன்னொண்ணு இருக்குதே, அதுக்குப் போலாம்னு உக்காந்துட்டேன்."

வெள்ளியங்கிரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"மூணாவது வாய்க்குள்ள கூப்பிட்டனுங்க."

"அது எந்த ஊரு வழக்கம்?"

"ஆபீஸ் வழக்கமுங்க. நான் சேந்தப்ப அப்பிடி இல்ல. மொதலு வாசல்ல, ரெண்டாவது படியில, மூணாவது மரத்தடிக்கே போயி. நானும் போயிட்டுத்தான் இருந்தனுங்க. ஒருக்கா ஒரு வாரம் கால்வலி, போகல. மனுக்கட்டு சீக்கிரம் முடிஞ்சுது. ஆபீஸ்ல எல்லாரும் நேரத்துல சாப்பிட்டாங்க. கால்வலி நல்லாப்போச்சு, ஆனா மரத்தடிக்குப் போறது மட்டும் நின்னு போச்சு. யாரும் கேக்கல."

"அப்பிடி விட்டுப் போனவங்க பேரு ஏதாச்சும் நெனப்பிருக்குதுங்களா?"

"வந்தவங்க பேரு மறந்துருமுங்க. வராதவங்க பேரு போகாது." அவர் விரல் மடக்கினார். "நாப்பத்து மூணு."

"அப்ப மூணாவதக் கூப்பிட்டுட்டு வாங்க" என்றாள் பூவாத்தாள். "சோறு ஆறுது."

ஞாயிற்றுக்கிழமை சந்தை. ஆபீஸுக்கு எதிரேதான் கூடும். ஆபீஸ் கேட்டில் மூன்று மாதப் பூட்டு. வெள்ளியங்கிரி புளியமரத்தடியில் போய் நின்றார். தோளில் பட்டை இல்லை. தாள் மட்டும் பையில் இருந்தது.

மூச்சை இழுத்தார்.

"அர்த்தனாரீ..."

கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"அட, நம்ம டவாலி" என்றார் டீக்கடைக்காரர். "வேலை போயும் வியாதி போகல பாரு."

"ரங்கநாயகீ..."

"ஆஜர் சார்" என்றான் ஒரு மீசைக்காரன், பெண் குரலில். சந்தை சிரித்தது. அந்தக் குரல் சரியில்லை என்று வெள்ளியங்கிரிக்குத் தோன்றியது. ஆனாலும் சொல்லவில்லை.

"சூசையம்மா..."

"அதைய எதுக்குங்க கூப்பிடறீங்க?" என்றாள் பூ விற்கிறவள். "அது செத்து ஆறு வருசம் ஆச்சு."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. வெள்ளியங்கிரி நான்காவதைக் கூப்பிட்டார். ஐந்தாவதை, ஆறாவதை.

"நாச்சிமுத்தூ..."

சந்தையின் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். தோளில் கயிற்றுச் சுருள். நடந்து வந்தார். யாரும் வழிவிடச் சொல்லவில்லை, வழி விட்டார்கள். அவர் மரத்தடிக்கு வந்து செருப்பைக் கழற்றினார்.

"ஆஜருங்க."

வெள்ளியங்கிரிக்கு அந்த முகம் தெரிந்தது.

அன்று மாலை குன்றடியில் அவர் யார் குரலிலும் பேசவில்லை. பூவாத்தாள் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருன்னு தெரிஞ்சுதாண்ணா?"

"ஜிலேபிக்காரருங்க. பத்தொம்பது வருசத்துக்கு முந்தி பட்டா மனு குடுத்திருக்காரு. காத்தாலருந்து மரத்தடியில. ரெண்டாவது கூப்பாடு கேட்டுச்சாம். பக்கத்தாளுகிட்டப் பைய ஒப்படைச்சுட்டு மூணாவதுக்குப் போலாம்னு இருந்திருக்காரு. பொழுது எறங்கற வரைக்கும் இருந்திருக்காரு. நெலம் கைவிட்டுப் போயிருச்சு. இப்பக் கயிறு விக்கறாரு."

"திட்டுனாரா?"

"இல்லீங்க. திட்டீருந்தா அந்தக் குரலையும் புடிச்சு வெச்சிருப்பன்."

பூவாத்தாள் கடலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"நானே கேட்டனுங்க. அன்னைக்கு எதுக்குங்க என்ற கையில ஜிலேபி வெச்சீங்கன்னு." வெள்ளியங்கிரி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "ஆளுக்கு ஒண்ணுதான் குடுத்தாங்களாமா. அவரு பங்குங்க அது. 'நீங்க வந்து அந்த மரத்தடியில நின்னீங்க. அங்க நின்னா மத்தியானத்துக்கு மேல எப்பிடிப் பசிக்கும்னு எனக்குத் தெரியுமுங்க'ன்னாரு."

சீடர்கள் யாரும் சிரிக்கவில்லை.

"தாளையும் கேட்டாரு. சந்தையில எல்லாருக்கும் அந்த உத்தரவு தெரிஞ்சிருக்குது. 'குடுங்க, மொதக் கையெழுத்து நான் போடறேன்'னாரு. என்னால எடுக்க முடியலீங்க. அதுக்கு மேல பேரும் கூப்பிட முடியல. வந்துட்டன்."

தாளை எடுத்து மடியில் வைத்தார். பத்துக் கோடுகளும் காலியாகவே இருந்தன.

"இருபதாந்தேதிக்கு இன்னும் ஒம்பது நாளு இருக்குது. பத்துப் பேரு சேருவாங்களா ஆத்தா? வேலை திரும்பக் கெடைக்குங்களா?"

பூவாத்தாள் உரித்த கடலையை முறத்தில் தள்ளினாள். ஒரு கை அள்ளி அவர் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"அது எனக்குத் தெரியாதுங்ணா. நாளைக்குத் திங்கக்கிழமை. மரத்தடியில இன்னும் முப்பத்தாறு பேரு மூணாவது கூப்பாட்டுக்கு உக்காந்திருக்காங்க."