சமையல்காரர் கேட்ட சந்தேகம்

பிலிப்பைன்ஸ் தீவுகள் அமெரிக்காவின் பிடியில் இருந்த காலம். முதல் உலகப்போரில் அமெரிக்கா குதித்ததும், அமெரிக்கப் படையின் கேப்டன் ஹார்லன் தன் உள்ளூர்ச் சமையல்காரர் பிலமோனைச் சந்தை மேடையில் ஏற்றிவிட்டார்.

"ஊர் ஆட்களைப் பட்டாளத்துக்குக் கூப்பிடு. அடுத்தவன் நாட்டில் புகுந்த படையை விரட்டத்தான் போகிறோம் என்று சொல். மறுத்தால் ஜெயில்!"

பிலமோன், கேப்டன் சொன்னதை அப்படியே கூட்டத்துக்குச் சொல்லிவிட்டுப் பவ்யமாக அவர் பக்கம் திரும்பினார்.

"நான் தயார், துரை. ஒரே சந்தேகம். அதற்குக் கப்பலேறிப் போகணுமா, இங்கேயே ஆரம்பிச்சிடலாமா?"

சந்தையே குலுங்கிச் சிரித்தது.

"இங்கேன்னா நானும் வர்றேன்!" என்று மீன்காரி ஒருத்தி கூவினாள்.

கேப்டன் முகம் சிவந்தது. ஜெயிலில் தள்ளலாமென்றால், பிலமோன் சொன்னதெல்லாம் அவரே சொல்லிக்கொடுத்ததுதானே!

"போ, போய் அடுப்பைப் பார்!" என்று கத்தினார்.

பட்டாளத்துக்கு அன்று ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.