செல்லாது என்று சொன்ன வரி

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்திரண்டு. தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பிய மனிதர் பூவராகன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். புரோகிராம் எழுதுவதே தொழிலான தில்ஷாத் மட்டும் சிரிக்கவில்லை. அதனால் அவள் அவருக்கு டீச்சர் ஆனாள்.

திருச்சியில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அவர்கள் வேலை. காணாமல் போனவர்களைத் தேடிக் குடும்பங்கள் எழுதிய கடிதங்களை டைப் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். கடிதத்திலிருந்து ஆள் காணாமல் போன தேதியை எடுக்க வேண்டும். அதிலிருந்து பத்து நாளுக்குள் ஏதாவது காப்பகத்தில் யாராவது சேர்ந்திருக்கிறார்களா என்று புரோகிராம் தேடும். தேதி கிடைக்காத கடிதத்தை அது தேடவே தேடாது.

எழுத்துக்களுக்கு நடுவே தேதி மாதிரி இருப்பதை அடையாளம் கண்டு எடுக்கும் பேட்டர்ன் வரியை, ரெகெக்ஸ் என்பார்கள், பூவராகன் இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினார். நாள், மாதம், வருடத்துக்கு நடுவே கோடு போட்டாலும் பிடிக்கும், புள்ளி வைத்தாலும் பிடிக்கும். பிப்ரவரி முப்பது என்றால் ஏமாறாது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"ரெண்டாயிரத்து முந்நூறு கடிதம் டீச்சர். முப்பத்தேழுதான் சிக்கல. அதுல தேதியே இல்ல. தூக்கிடலாமா?"

தில்ஷாத் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"உங்க பொறந்த தேதியப் போடுங்க சார்."

01-06-1972 என்று அடித்தார். திரையில் பச்சையாக 'சரி' என்று வந்தது.

"அன்னிக்குத்தான் பொறந்தீங்களா?"

பூவராகன் சிரித்துவிட்டார். "எங்க டீச்சர்! அது ஹெட்மாஸ்டர் எழுதினது. எங்க கிளாஸ்ல பதினேழு பேருக்கு ஜூன் ஒண்ணு."

"அம்மா என்ன சொல்லுவாங்க?"

"பெரிய காத்து அடிச்சு மாரியம்மன் கோயில் வேம்பு சாஞ்சதே, அதுக்கு மூணாம் நாள்னு."

"அதைப் போடுங்க."

போட்டார். சிவப்பாக வந்தது: 'தேதி செல்லாது'.

பாவம், அவர் எழுதிய வரி அவர் அம்மாவையே செல்லாது என்று சொல்லிவிட்டது.

முப்பத்தேழில் ஒன்றைத் திறந்து, "சத்தமாப் படிங்க" என்றாள் தில்ஷாத்.

அவர் படித்தார். "என் மகனுக்குப் பேச்சு வராது. இடது புருவத்துல தழும்பு இருக்கும். எங்க ஆலங்குறிச்சியில சித்திரைத் தேர் அச்சு முறிஞ்சு நடுத்தெருவுல நின்னுச்சே, அந்தக் கூட்டத்துல கையை விட்டுட்டேன். எத்தனை வருசமாச்சுன்னு எண்ணத் தெரியல."

கடைசி வரியில் அவர் குரல் இறங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இதை எப்படி டீச்சர் பேட்டர்ன்ல கொண்டுவர்றது?"

"முடியாது சார். ஆலங்குறிச்சி கோயில் ஆபீசுக்கு போன் போடுங்க."

போன் போட்டார். எடுத்தவர் யோசிக்கக்கூட இல்லை.

"அச்சு முறிஞ்ச தேரா? ரெண்டாயிரத்துப் பதினேழு, மே ஒன்பது, செவ்வாக்கெழம. மத்தியானம் பன்னெண்டரை மணி, பெரிய தெரு முக்கு. ஊர்ல யாரை வேணா கேளுங்க."

பூவராகன் அந்தத் தேதியை அடித்தார். புரோகிராம் தேடியது. சேலம் பக்கத்துக் காப்பகம் ஒன்றிலிருந்து ஒரே ஒரு வரி வந்தது. சேர்ந்த நாள் 12-05-2017. பெயர் தெரியாது. பேசுவதில்லை. இடது புருவத்தில் தழும்பு.

அவன்தானா என்பதை அந்தத் தாய் முகம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இருந்தாலும் பூவராகன், ஒரு பட்டனைத் தட்டி இவனையும் சேர்த்துத் தூக்கிப் போட இருந்தோமே என்று நினைத்தார். காப்பகத்துக்கு போன் செய்து போட்டோ அனுப்பச் சொன்னார். அதன்பிறகு மற்ற முப்பத்தாறு கடிதங்களையும் பிரிண்ட் எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

முதல் கடிதத்தை எடுத்தவர், ஏதோ நினைவு வந்து திரும்பினார்.

"டீச்சர், அந்த 'தேதி செல்லாது'ங்கறத எடுத்துடறேன். அந்த இடத்துல என்ன எழுதட்டும்?"

தில்ஷாத் பாதிக் கடிதங்களைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"'எனக்குப் படிக்கத் தெரியல'ன்னு எழுதுங்க சார்."